நான் வரைந்த மூன்றாவது வால்

வியாழக்கிழமை காலை எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு அம்மை குத்துகிறவர் வந்திருந்தார். உம்முடைய உத்தியோகத்துக்கு உமக்குப் பின் வந்தவர்களில் இவர் இரண்டாவது ஆள். நான் கரும்பலகையில் ஒரு பூசணிக்காய் வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்து அறையில் அவர் ஸ்பிரிட் குப்பியைத் திறந்தார். அந்த வாசனை வாசல் வழியாக வந்து சேர்ந்ததும் என் கை நின்றுவிட்டது. சாக்குக்கட்டியைப் பலகை மேல் வைத்தேன். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தலைப்பாகையைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியவில்லை. ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்தபோதுதான் வகுப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

சாயங்காலம் தலைமையாசிரியர் கூப்பிட்டு விசாரித்தார். வயிற்று நோவு என்று சொன்னேன். அவர் நம்பினார். எனக்குப் பொய் சொல்ல வரும் என்பது உமக்குத் தெரியாது. உம்மிடம் இரண்டு பொய் சொல்லியிருக்கிறேன். ஐந்து வருஷமாகச் சொல்ல நினைத்து, சொல்ல ஆளில்லாமல் போன பிறகும் நினைத்துக்கொண்டே இருந்துவிட்டு, இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். நடுநடுவே எழுந்து நடக்கத்தான் செய்கிறேன். இப்போதெல்லாம் அரைமணி நேரம் ஒரு இடத்தில் இருக்க முடிவதில்லை.

உம்மை முதலில் பார்த்ததும் அதே அறையில்தான். அம்மை குத்த ஆள் வருகிறது என்றால் அந்நாளில் பாதி வகுப்பு ஜன்னல் ஏறிக் குதித்துவிடும். பெயரெழுதிக் கொடுக்க என்னை உம்முடைய மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு தகப்பனார், மகன் பெயரைக் கேட்டதும் வாய்க்கு வந்த ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். அது அவன் பெயர் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் பேனாவை நிறுத்தினேன். நீர் நிமிராமலே சொன்னீர்: "எழுதும் வே. மெய்ப்பேரச் சொன்னா சர்க்கார் புள்ளையப் புடிச்சிட்டுப் போயிரும்னு ஊருக்குள்ள பேச்சு. பத்து வருசமா நான் எழுதுத பேருல பாதி பொய்ப்பேருதான்."

வேலை முடிந்ததும் என் மேசை மேல் கிடந்த தட்டான் படத்தை எடுத்துப் பார்த்தீர். நான் நேர்த்தியாக வர்ணம் தீட்டிய படம். பாராட்டப் போகிறீர் என்று காத்திருந்தேன்.

"இது எந்த ஊரு தட்டான் வே?"

"புத்தகத்தில் இருந்தது. இங்கிலீஷ் புத்தகம்."

"அப்போ நீரு தட்டானப் பாக்கல, அந்தப் புத்தகத்தப் பாத்திருக்கீரு" என்று சொல்லிவிட்டு, கித்தான் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து என் முன்னால் வைத்தீர். ஸ்பிரிட்டில் ஒரு வண்டு மிதந்தது. பிள்ளைகளுக்குக் குத்துகிற அம்மைப்பால் வைக்கிற பையில் பாதி இடத்தை வண்டும் பூச்சியும் பிடித்திருந்தன. மேலதிகாரி பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டேன். "அவரு என் பக்கத்துலயே வரமாட்டாரு. ஸ்பிரிட்டு நாத்தம் ஆவாது அவருக்கு" என்றீர்.

அதற்குப் பிறகு கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலேறும் நாளெல்லாம் பாளையங்கோட்டை வரைக்கும் நடந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவீர். நீர் சைவர், நான் வேதக்காரன், கிறிஸ்தவன். எங்கள் வீட்டில் ஒன்றும் சாப்பிட மாட்டீர். என் மனைவி மோர் கொண்டு வந்து வைப்பாள். நீர் அதைக் கும்பிட்டுவிட்டு அப்படியே வைத்துவிடுவீர். எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னதில்லை. பேச உட்கார்ந்தால் பூச்சிக் கதைதான். நாற்பது வயதில் இரண்டு பேர் வெட்டுக்கிளியின் முழங்காலைப் பற்றி அவ்வளவு நேரம் பேசுவார்களா என்று என் மனைவி கேட்டாள்.

டில்லியில் தர்பார் நடந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கடுத்த மாசி மாதம் என்னை மலைக்கு இழுத்துப் போனீர். பாவநாசத்துக்கு மேலே மலைவாசிகளான காணிக்காரர் குடிகளுக்கு அம்மை குத்தும் முறை அது. "ஒண்ணு காட்டுதேன், வாரும்" என்று மட்டும்தான் சொன்னீர். அம்பாசமுத்திரம் வரை ரயில், அப்புறம் மாட்டுவண்டி, அதற்கப்புறம் நடை. எனக்கு மலை புதிது. அட்டை கடித்து இரண்டு காலிலும் ரத்தம். காணிக்காரர் ஒருவர் வழிகாட்டி முன்னால் போனார். நான் பத்தடிக்கு ஒரு தரம் நின்று காலைத் தடவிப் பார்த்தேன். நீர் ஒருதரம்கூட நிற்கவில்லை.

குடியில் இருபது பேருக்குக் குத்தினீர். ஒருவரும் ஓடவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் பெயரைத் தெளிவாகச் சொன்னார்கள். "பாத்தீரா, இங்கன யாரும் பொய்ப்பேரு சொல்லுதது இல்ல" என்று அதைப் பெருமையாக எனக்குக் காட்டினீர்.

அடுத்த நாள் விடிந்தும் விடியாததுமாகச் சேர்வலாற்றில் போய் விழும் ஓர் ஓடைக்குக் கூட்டிப் போனீர். முழங்கால் அளவுத் தண்ணீர், ஆனால் இழுப்பு அதிகம். நீர் இறங்கி, தலையணை அளவு இருந்த ஒரு கல்லைப் பைய புரட்டினீர். கல்லின் அடிப்பக்கத்தில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டையான உடம்பு, மஞ்சளும் கருப்புமாக வரி, அகட்டி வைத்த ஆறு கால், பின்னால் முடிபோல இரண்டு வால். காலும் உடம்பும் சேரும் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ இருந்தது. அதுதான் அதற்கு மூச்சு என்று நீர் ஊகித்திருந்தீர்.

"இதுக்கு என்ன பேர்?" என்று காணிக்காரரிடம் கேட்டேன்.

"கல்லடிப் பூச்சி" என்றார். கல்லுக்கு அடியில் கிடப்பதால் அப்படிச் சொன்னார்.

இரண்டைப் பிடித்து நீர் உம்முடைய சொம்புத் தண்ணீரில் விட்டீர். சற்று நேரம் சும்மா இருந்தன. அப்புறம் காலை ஊன்றி உடம்பை மேலும் கீழும் அசைக்க ஆரம்பித்தன, பயில்வான் தண்டால் எடுப்பதுபோல. நான் சிரித்துவிட்டேன். நீர் சிரிக்கவில்லை. "மூச்சு முட்டுது வே அதுக்கு. நிக்கிற தண்ணி ஆவாது. ஓடிக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லிச் சொம்பை ஓடையில் கவிழ்த்தீர். பிறகு அதே சொம்பை அலசி, நிறைய மொண்டு, நீர் பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினீர். என் வீட்டு மோரைத் தொடாதவர் நீட்டிய சொம்பு. நான் வாங்கிக் குடித்தேன்.

அன்று காலையில் நாம் பார்த்ததை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். ஒரு பூச்சி தண்ணீரை விட்டு வெளியே ஏறி, பாறையில் ஒரு முழ உயரம் நடந்து வந்து நின்றது. முதுகு வெடித்தது. அந்தப் பிளவிலிருந்து வெளுத்த, பிசுபிசுத்த ஒன்று தன்னை இழுத்து இழுத்து வெளியே எடுத்தது. கசங்கிய துணி போல இருந்த சிறகு நம் கண்ணெதிரே விரிந்து நீண்டது. காய்ந்ததும் நான்கு சிறகையும் ஒன்றின் மேல் ஒன்றாக முதுகில் தட்டையாக மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. பழைய தோல் பாறையில் அப்படியே நின்றது. நான் நோட்டுப் புத்தகத்தை முழங்காலில் வைத்து வரைந்தேன். நீர் பூதக்கண்ணாடியைப் பிடித்து ஒரு முறை பூச்சியையும் ஒரு முறை படத்தையும் பார்த்தீர்.

"கால் ஆறு. கொம்பு ரெண்டு. வால் ரெண்டு. சரியா இருக்கு வே."

அப்படிச் சொன்னது உமக்கு நினைவிருக்கும். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது.

இறங்கி வரும் வழியில்தான் மனதிலிருந்ததைச் சொன்னீர். பள்ளியின் இங்கிலீஷ் புத்தகத்தை நீர் முன்பே புரட்டிப் பார்த்திருந்தீர், அதில் இந்தப் பூச்சி இல்லை. ஆகவே இதைச் சீமைக்கு அனுப்பிப் பெயர் கேட்க வேண்டும். அந்தப் புத்தகத்தை எழுதிய துரைக்கே எழுதலாம். என் பேருக்கு ஒன்றும் வேண்டாம் என்றீர். "பன்னெண்டு வருசமாப் பொய்ப்பேரா எழுதி எழுதிக் கையி நாறிப்போச்சு வாத்தியாரே. ஒண்ணுக்காவது மெய்யான பேரு வாங்கிக் குடுத்திட்டுச் சாவணும்."

பூச்சி ஒன்றை ஸ்பிரிட்டில் போட்டு என்னிடம் தந்தீர். இங்கிலீஷில் காகிதம் எழுதுவதும், படத்தைச் சுத்தமாக மறுபடி வரைவதும், பாளையங்கோட்டையில் தபாலில் சேர்ப்பதும் என் பொறுப்பு. நான் நல்ல கட்டித்தாள் வாங்கினேன். நான்கு சாயங்காலம் வரைந்தேன். சிறகின் நரம்பு ஒவ்வொன்றையும் முடிக்கற்றைத் தூரிகையால் இழுத்தேன். நான்காம் நாள், எல்லாம் முடிந்த பிறகு, அந்த இங்கிலீஷ் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். ஒரு படத்தில் தண்ணீர்ப் பூச்சி ஒன்று இருந்தது. நம்முடையதைப் போல அவ்வளவாக இல்லை, ஆனாலும் உடம்பின் நீளமும் வாலும் ஒரு சாயலில் இருந்தன. அதற்கு மூன்று வால்.

நான் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டுதான் இருந்தன. நோட்டுப் புத்தகத்தில் பார்த்தேன், அங்கும் இரண்டுதான். ஒன்று ஒடிந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. கல்லடியில் எத்தனை அடிபட்டிருக்கும்! இவனுக்கு இதுகூடத் தெரியாது என்று புத்தகம் போட்ட துரை நினைத்துவிடுவார் என்று இன்னொரு நினைப்பு. இரண்டு வாலுக்கு நடுவே வெறுமையாக இருந்த இடம் படத்தில் நிறைவில்லாமல் தெரிந்தது என்பதும் உண்மை. தூரிகையை மையில் தோய்த்து ஒரே இழுப்பில் மூன்றாவது வாலை வரைந்தேன். நல்ல கோடு அது.

வைகாசி கழிந்து பதில் வந்தது. பள்ளி விலாசத்துக்கு, என் பெயருக்கு. படத்தையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். குப்பி வழியில் உடைந்து பூச்சி தூளாக வந்து சேர்ந்தது, அதைக் கொண்டு ஒன்றும் சொல்வதற்கில்லை என்று எழுதியிருந்தார். படத்தில் உள்ளது மூன்று வால் உடையது, ஒரு நாள் பறந்து மடியும் ஓர் இனத்தைச் சேர்ந்தது, எங்கும் காணப்படுவது, சிறகு மட்டும் சற்றுத் தவறாக மடிக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் ஒரு வரி: வரைந்தவரின் கை மிக நேர்த்தியானது, அவருக்கு என் பாராட்டைத் தெரிவிக்கவும்.

இந்த இடத்தில் எழுந்து முற்றத்தில் நாலு நடை நடந்துவிட்டு வந்தேன்.

உம்மைக் கொக்கிரகுளம் ஆற்றுத்துறையில் சந்தித்தேன். படித்துறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தீர். என் முகத்தைப் பார்த்ததுமே "வந்திட்டா?" என்று கேட்டீர். வந்துவிட்டது, ஆனால் நாம் நினைத்தபடி இல்லை, எங்கும் உள்ள பூச்சியாம் அது, பெயர் ஏற்கனவே இருக்கிறதாம் என்றேன். நீர் தண்ணீரிலிருந்து காலை எடுத்தீர்.

"எத்தன வாலுன்னு எழுதியிருக்கான்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கேள்வியை நீர் கேட்பீர் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "வாலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை" என்றேன்.

"பூச்சி முழுசாப் போயிச் சேந்துச்சா?"

"சேர்ந்தது."

இவைதாம் அந்த இரண்டு பொய்கள். முதலாவதைப் பயத்தால் சொன்னேன். இரண்டாவது, முதலாவதைக் காப்பாற்றுவதற்காக வந்தது. பூச்சி உடைந்தது என்று சொன்னால் படத்தை வைத்துத்தானே தீர்ப்புச் சொன்னார் என்று உடனே பிடித்துவிடுவீர். படம் என் பெட்டியில் இருந்தது.

கோபம் வரும், துரையைத் திட்டுவீர் என்று நினைத்தேன். நீரோ உம்மையே சந்தேகப்பட்டீர். "அவன் கையில பூச்சிய வச்சுப் பாத்துச் சொல்லுதான்னா, தப்பு நம்மகிட்டதான் இருக்கும். நான் மாத்திப் போட்டிருப்பேன். அந்த ஓடையில ரெண்டு மூணு சாதி கெடக்கும் போலுக்கு. இன்னும் மேல ஏறிப் பெருசாப் பாத்து நாலஞ்சு புடிச்சிட்டு வாரேன்" என்றீர்.

"இப்போது வேண்டாம். சாரல் தொடங்கிவிட்டது" என்றேன். அதைத்தான் சொன்னேன். சொல்ல வேண்டியது வேறு.

ஆடி மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியாகப் போனீர். மலையில் பத்து நாள் விடாத மழை. ஓடையெல்லாம் பொங்கியிருந்ததால் கரையோரக் கல்லைத்தான் புரட்ட முடிந்தது என்று பின்னால் அந்தக் காணிக்காரர் சொன்னார். காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரில் நின்றீராம். குளிர்காய்ச்சலோடு உம்மைத் தூளி கட்டிச் சுமந்து இறக்கி, கல்லிடைக்குறிச்சியில் உம்முடைய வீட்டில் சேர்த்தார்கள். உம்முடைய மனைவி எழுதுவித்த கார்டு வந்த அன்றே நான் ரயிலேறினேன்.

நீர் மூன்று கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கினீர். கொயினாத் தூளை வெல்லத்தில் வைத்துக் கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை. என்னைக் கண்டதும் தலைமாட்டில் இருந்த மூன்று குப்பிகளைக் காட்டினீர். பல் அடித்துக்கொண்டதால் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது.

"படம்... நல்லாப் போடும் வே. மலையில போட்டீருல்லா... அத மாதிரி."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். உம்முடைய கையைப் பிடித்தேன். கொதித்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். அந்த நேரம் உம்முடைய மனைவி சுக்குத் தண்ணீரோடு உள்ளே வந்தார். ஒரு நொடிதான். அவர் போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. உம்மைத் தூக்கி உட்கார வைத்துக் குடிக்க வைத்தார், துடைத்தார், பக்கத்திலேயே இருந்தார். கடைசி வண்டி பிடிக்க வேண்டும் என்று நான் எழுந்தேன். அடுத்த சனிக்கிழமை சொல்லலாம் என்று ரயிலில் தீர்மானித்தேன். வெள்ளிக்கிழமை உம்முடைய செய்தி வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உம்முடைய மனைவி அந்த மூன்று குப்பிகளையும் ஒரு துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தார். "அவுக உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாக அண்ணாச்சி." நான் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்கும் என்பதற்காகவே ஒருதரம் தென்காசியில் ஒரு கலியாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். எங்கள் வேதக்கோவிலில் பத்துக் கற்பனைகளை வாசிக்கும்போது பொய்ச்சாட்சிக் கற்பனை வரும் இடத்தில் நான் தரையைப் பார்ப்பேன். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நான் பக்தியில் தலைகுனிந்ததாகத் தோன்றும்.

குப்பியைத் திறக்கத் துணிவு வரவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த வருஷம் கோடை விடுமுறையில், ரயிலேறாமல் வடகரைச் சாலையில் மாட்டுவண்டி பிடித்து, நானே மலைக்குப் போனேன். நீர் சிரிப்பீர், அட்டைக்குப் பயந்தவன் தனியாக வந்திருக்கிறானே என்று. அதே காணிக்காரரைத் தேடிப் பிடித்து அதே ஓடைக்குப் போனேன். இறங்கிக் கல்லைப் புரட்டினேன். ஒரு பூச்சி, இரண்டு வால். அடுத்த கல். இரண்டு வால். காலை முழுதும் புரட்டினேன். ஒடியாத பூச்சி ஒன்றிலாவது மூன்றாவது வால் இருந்துவிடாதா என்றுதான் தேடினேன் போலிருக்கிறது. விரல் நகமெல்லாம் கிழிந்தது. காணிக்காரர் பாறையில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னத்த எண்ணுதீரு?" என்று கேட்டார்.

"வாலை."

"அவரும் எண்ணத்தான் செஞ்சாரு. அவரு ஒரு தரம் எண்ணிட்டு விட்டிருவாரு" என்றார்.

நான் கரையேறினேன்.

சண்டை தொடங்கிய வருஷம், மதராசில் எம்டன் கப்பல் குண்டு போட்டதே அந்த மாதம், ஒருநாள் திடீரென்று உட்கார்ந்து உம்முடைய குப்பிகளைத் திறந்தேன். இரண்டு வாலோடு வரைந்தேன், உம்முடைய சொற்படி மலையில் போட்டது மாதிரியே. முன்னால் அனுப்பிய படத்தில் மூன்றாவது வால் நான் கற்பனையாகச் சேர்த்தது என்றும், கண்டுபிடித்தவர் இன்னார், இப்போது உயிரோடு இல்லை என்றும், உம்முடைய பெயரை மூன்று இடத்தில் தெளிவாக எழுதி, தபாலில் சேர்த்தேன். தபாலாபீஸ்காரர் "கப்பல் போவுதோ முங்குதோ, யாருக்குத் தெரியும்" என்று முத்திரை குத்தினார். இன்றுவரை பதில் இல்லை. கடலுக்குள் போயிற்றோ, துரைதான் பட்டாளத்துக்குப் போய்விட்டாரோ தெரியவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் நான் எழுந்து நிற்கிறேன். உம்முடைய பூச்சிக்கு இன்னும் பெயர் வந்து சேரவில்லை. ஏற்கனவே யாராவது வைத்த பெயர் அதற்கு இருக்கிறதா என்பதும் எனக்குத் தெரியாது.

இந்தக் கதையெல்லாம் மறுபடி கிளம்பி வந்துதான் வியாழக்கிழமை பாலத்தில் நின்றேன். நேற்றுச் சனிக்கிழமை காலை முதல் வண்டியில் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன்.

உம்முடைய மனைவி அப்பளம் இட்டுக் கடைக்குக் கொடுத்துப் பிழைக்கிறார். மச்சில் வேட்டியை விரித்து வரிசையாகக் காய வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிய ஒரு கணம் ஆயிற்று. "வாங்க அண்ணாச்சி" என்றார், அவ்வளவுதான். ஏன் இத்தனை வருஷம் வரவில்லை என்று கேட்கவில்லை. ஐப்பசி வெயிலை நம்ப முடியாது. மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் அவசரமாக அப்பளங்களை எடுத்து அடுக்க, நானும் மறுபக்கத்திலிருந்து குனிந்து எடுத்தேன். குனிந்தபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது வால், துரை எழுதிய பதில், படித்துறையில் நீர் கேட்ட கேள்விகள், நான் சொன்ன பதில்கள், கட்டில் ஓரத்தில் திறந்து மூடிய வாய்.

அவர் கை ஓரிடத்தில் நின்றது. அப்புறம் மறுபடி அடுக்கினார்.

"இதச் சொல்லத்தான் வந்தீகளா?"

"ஆமாம்."

"ஒரு வாலு கூடப் போட்டதுக்கா?"

அவர் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அவுகட்டச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாக அண்ணாச்சி. நாள் முழுக்கச் சிரிச்சிருப்பாக. இந்த வாத்தியான் செஞ்ச வேலையப் பாருன்னு எங்கிட்ட வந்து பத்துத் தரம் சொல்லியிருப்பாக. அப்புறம் உங்களையும் இழுத்துக்கிட்டுத்தான் மலைக்குப் போயிருப்பாக." மச்சுப் படியில் இரண்டு அடி இறங்கிவிட்டுத் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. யோசித்துப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். "நீங்க கூடப் போயிருந்தா, நனைஞ்ச துணிய மாத்தும்னு சொல்லுததுக்கு ஒரு ஆளு இருந்திருக்கும். அவுகளுக்குத் தானாத் தெரியாதுல்லா."

முதல் சொட்டு விழுந்தது. அவர் கீழே போனார். எனக்கு மோர் கொடுத்தார். குடித்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது "மழையில போறீகளே" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வண்டியில் இடம் இருந்தும் நான் கதவோரம் நின்றே வந்தேன். இத்தனை வருஷமும் உம்மை ஏமாற்றினேன் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் இப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியவில்லை. பத்து நாள் ஓர் ஆள் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்க வேண்டிய ஒரு சின்ன வார்த்தை. அது நான் சொல்லியிருக்க வேண்டியது.

சேரன்மகாதேவியில் மழை கொட்டியது. வயலிலிருந்து வந்தவர் போல ஒருவர் சொட்டச் சொட்ட ஏறி என் எதிரே நின்றார். என் வயதுதான் இருக்கும். வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. பல் கிட்டித்து நின்றார்.

"துணிய மாத்தும் வே" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "இப்படியே நின்னா காய்ச்ச வந்திரும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாத்துத் துணிக்கு எங்கன போவ?" என்றார்.

என் மேல்துண்டை எடுத்து நீட்டினேன். அவர் தயங்கினார், என் நெஞ்சில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார், தம்முடைய நெற்றியில் திருநீறு இருந்த இடத்தைத் தொட்டுக்கொண்டார். பிறகு வாங்கித் தலையைத் துவட்டினார். திருநெல்வேலி வருவதற்குள் இரண்டு தரம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், நான் வாங்கவில்லை. வெறும் தோளோடு மழையில் நடந்து வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கதவைத் திறந்து, "ஐயோ, முதல்ல துணிய மாத்துங்க" என்றாள்.

நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன். அவள் இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது.